பிரிஜெட் அம்மாவின் பத்து மாதங்கள்

பெங்களூரில் பீன்யாவைத் தாண்டியிருக்கும் எங்கள் சின்ன நகரசபைக்கு முதல் பெண் தலைவர் பிரிஜெட் அம்மா. எங்கள் காலனிக்காரர்கள் பெங்களூருக்கே தலைவரானது போல அவரை மேயரம்மா என்றார்கள்.

அதற்கு முன் அவர் ரெடிமேட் சட்டைக் கம்பெனியில் பிசிறு, குறை பார்க்கும் செக்கிங் வேலையில் இருந்தார். எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதும் கட்சிக்காரர்கள் அவருடைய கணவர் டென்சிலைத் தேடித்தான் வந்தார்கள்.

“உங்க வீட்டம்மாவ நிறுத்தறோம். வேலையெல்லாம் நீங்க பாத்துக்குங்க.”

“கேஸ் சிலிண்டர் புக் பண்றதுக்கே அவ என்ன நம்ப மாட்டா சார். நேரா அவகிட்டயே பேசுங்க” என்றார் டென்சில்.

பிரிஜெட் அம்மா ஒன்றே ஒன்றைச் சொல்லி ஓட்டுக் கேட்டார். காலனிக்குப் பின்னால் போகும் பெரிய மழைநீர்க் கால்வாய்க்குத் தடுப்புச் சுவர். மழை வலுத்தால் தெருவும் கால்வாயும் ஒரே மட்டத்துக்கு நிரம்பிவிடும். விளிம்பு எங்கே என்று தெரியாது. அவரோடு வீடு வீடாக வந்தவள் கம்பெனித் தோழி வீணா.

“அக்கா கண்ணுக்கு ஒரு பிசிறு நூல் தப்பாது. இவ்ளோ பெரிய கால்வா தப்புமா?” என்று வாசலுக்கு வாசல் சொல்லிச் சிரிப்பாள். அவள் அம்மா மரகதம் அக்காவின் வாசலிலும் பிரிஜெட் அம்மா அதே வாக்கைக் கொடுத்தார்.

ஜெயித்தார். தலைவர் பதவியும் அந்த முறை பெண்களுக்கு. ஆனால் அதே கட்சியில் சந்திரம்மாவும் அதைக் கேட்டார். அவருடைய வார்டில் குழாயில் தண்ணீர் வந்து பல வருஷமாகிறது. இப்படி இருவர் நின்றால் பதவிக்காலத்தைப் பங்கு போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். முதலில் ஒருவர் பத்து மாதம். பிறகு ராஜினாமா செய்து மற்றவருக்கு விட வேண்டும். எழுதி வாங்கினால் செல்லாது. அதனால் கோயிலுக்குக் கூட்டிப் போய், எரியும் கற்பூரத்தின் மேல் சத்தியம் வாங்குவார்கள். முதல் பத்து மாதத் தவணை பிரிஜெட் அம்மாவுக்கு; அவரும் கைவைத்துச் சத்தியம் செய்தார்.

அந்த மாதங்கள் எப்படிப் போயின என்று இப்போது யோசிக்கிறேன். இன்ஜினியர்கள் அவரிடம் பேசாமல் பக்கத்து ஆண் உறுப்பினரைப் பார்த்துப் பேசினார்கள். முதல் டெண்டருக்கு யாரும் வரவில்லை. கால்வாய் நிலத்தில் குளியலறை கட்டியிருந்த இரண்டு வீடுகளைச் சம்மதிக்க வைக்கவே நாட்கள் ஓடின. எல்லாம் கூடி வந்தபோது தவணை முடிந்துவிட்டது.

“இதுக்கு முன்னாடி சத்தியம் பண்ணவங்க யாரும் பதவிய விட்டு எறங்கல மேடம்” என்றார் கட்சிக்காரர் ஒருவர். “அதுவும் அது எங்க சாமி. உங்களுக்கு என்ன?”

வீணாவும் கெஞ்சினாள். “மழ வருதுக்கா. செவுர முடிச்சிட்டு எறங்கு.”

“சந்திரம்மா ஜனங்க லாரித் தண்ணிக்கு நிக்கறாங்க வீணா. அவங்களும் ஒரு வார்த்த சொல்லிட்டுதான வந்திருப்பாங்க? அப்பறம் அது யார் சாமியா இருந்தா என்ன, கை என்னுதுதான?”

சுவரை முதலில் கட்டித் தரும்படி சந்திரம்மாவிடம் கேட்டார். “ஆகட்டும் அக்கா” என்றார் அவர். பிரிஜெட் அம்மா ராஜினாமா கொடுத்துவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார்.

சந்திரம்மா ஏமாற்றினார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இருந்த நிதி ஒரு வேலைக்குத்தான் போதும். தண்ணீர்க் குழாய்க்குத்தான் உறுப்பினர்கள் கை தூக்கினார்கள். சுவர் அடுத்த வருஷத்துக்குப் போனது.

அந்த மழையில் ஒரு சாயங்காலம், கம்பெனி வண்டி தெருமுனையில் இறக்கிவிட்ட பிறகு வீணா வீடு வந்து சேரவில்லை. மறுநாள் கால்வாய் போய்ச் சேரும் ஏரியின் மதகருகே அவள் உடலை எடுத்தார்கள்.

சாவு வீட்டில் மரகதம் அக்கா அழுகையை நிறுத்திவிட்டு பிரிஜெட் அம்மாவிடம் கேட்டார். “கோயில்ல சொன்னத நீ காப்பாத்திட்டேன்னு ஊரே பேசுது. என் வாசல்ல நின்னு சொன்னியே, அது?”

பிரிஜெட் அம்மா உடலை எடுக்கும் வரை நின்றுகொண்டே இருந்தார்.

அதன் பிறகு சுவர் சீக்கிரமே எழும்பிவிட்டது. அவர் மறுபடி தேர்தலில் நிற்கவில்லை. வேறு கம்பெனியில் செக்கிங் வேலைக்கே போகிறார்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அரசியல் பாடம்தான் படித்தேன். கற்பூரத்தின் மேல் கைவைக்கும் இந்த வழக்கம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர் செய்தது சரியா என்று எனக்குள் முடிவு செய்ய முடியாமல்தான் ஒருநாள் போய்க் கேட்டேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“தெரியல தாரணி. எறங்காம இருந்திருந்தா வீணா இருந்திருப்பா. லாரிக்கு நிக்கற பொம்பளைங்க மூஞ்சில எப்படி முழிக்கறதுன்னுதான் அன்னிக்கு நெனச்சேன். மரகதக்கா மூஞ்ச நெனைக்கல.”



ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது பிரிஜெட் அம்மா மரகதம் அக்கா வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போகிறார். கதவு திறந்தே இருக்கும். அக்கா உள்ளே வேலையாக இருப்பார். வாங்க என்று இதுவரை சொல்லவில்லை.