லக்கேஜா, பார்சலா?

கண்டக்டர் வேலைக்குத் தொண்டை வேண்டும். எனக்கு அது வாய்க்கவில்லை. எழுபதுகளில் தருமபுரி–சேலம் பஸ்ஸில் நான் ‘டிக்கெட்’ என்றால் முன் சீட்டுக்கே கேட்காது. அடுத்தவர் மூட்டைமேல் கால் வைத்துப் பயணம் செய்த உங்களுக்கு என் பாடு புரியும். மூட்டை ஒன்றுதான், அதற்கு எதற்கு இரண்டு இங்கிலீஷ் பெயர் என்பதுதான் எனக்கு அப்போது பெரிய யோசனை.

புளி மூட்டை

நல்லம்பள்ளியில் ஒருவர் புளி மூட்டையைக் கூரைமேல் ஏற்றி, “சேலத்துக்கு ஒரு லக்கேஜு” என்றார். விசில் கொடுக்கும் நேரத்தில் கீழே நின்று பீடி பற்றவைத்தார். நீங்கள் ஏறவில்லையா, கூட ஆள் வந்தால்தானே லக்கேஜ், தனியாகப் போனால் பார்சல் ஆயிற்றே என்றேன்.

“நான் எதுக்குங்க? புளிக்கு வழி தெரியாதுன்னா நீங்க இருக்கீங்கல்ல.”

தூக்குப்போசி

இன்னொரு நாள் தருமபுரிக்குத் திரும்பும் காலை டிரிப்பில், அதே நிறுத்தத்தில் மாதம்மா என்ற பெண் மூடி போட்ட தூக்குப்போசியை நீட்டினாள். லக்கேஜா பார்சலா என்றேன். “சோறுங்க” என்றாள். புருஷன் தருமபுரி ஆஸ்பத்திரியில், வயிற்றில் ஆபரேஷன் செய்யப்போகிறார்களாம். கைக்குழந்தையை விட்டு இவளால் நகர முடியாது. பஸ் ஸ்டாண்டில் கொழுந்தன் வாங்கிக்கொள்வான். வித்தியாசத்தைச் சொன்னேன். “அப்ப பார்சலுங்க” என்றாள்.

தினமும் சாயங்காலம் காலிப் போசி திரும்பும். ஒருநாள் சோறு அப்படியே வந்தது. கையில் வாங்கியதும் கனம் தெரிந்து நின்றுவிட்டாள். ஆபரேஷன் முடிந்தது, இன்னும் கண் திறக்கவில்லையாம் என்று கொழுந்தன் சொல்லியனுப்பியதைச் சொன்னேன். நாளைக்குப் போசி வராது என்று நினைத்தேன். மறுநாள் காலையிலும் அதே இடத்தில் நின்றாள்.

“தின்னாலும் தின்னாட்டியும் போவட்டுங்க.”

கடைசி சீட்டு

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம், தருமபுரியில் மெலிந்த ஆள் ஒருவர் வயிற்றைப் பிடித்தபடி ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தார். மடியில் அந்தப் போசி. யாரென்று எனக்குப் புரிந்துவிட்டது.

நல்லம்பள்ளியில் மாதம்மா குழந்தையை இடுப்பில் வைத்து, வழக்கம்போல காலிப் போசிக்காக முன் ஜன்னலில் கை நீட்டினாள். பின்வாசலைக் காட்டினேன். அவர் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தார். அவரையும் அவர் கையிலிருந்த போசியையும் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“இன்னைக்கு லக்கேஜுங்களா?”

அகராதி என்ன சொல்கிறதோ தெரியாது, எங்கள் ரூட்டில் ஆள் பக்கத்தில் இருந்தால் லக்கேஜ், ரோட்டைப் பார்த்து ஆள் நின்றால் பார்சல்.