எஸ்.எஸ்.ஐ. ராயப்பராஜ் கண்டுபிடித்த தொடர் கொலைகாரன்

என் அக்காள் ஜெஸ்ஸியைக் கட்டியவர் ராயப்பராஜ். முறைக்கு எனக்கு மச்சான். எனவே அவரைக் கேலி செய்ய எனக்கு உரிமை உண்டு, அதை நான் ஒரு நாளும் வீணாக்கியதில்லை. கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, முப்பத்து மூன்று வருடம் காலம் தள்ளி, திண்டுக்கல்லில் ஒரு ஸ்டேஷனில் சிறப்பு எஸ்.ஐ. ஆகியிருந்தார். அவர் கையில் ஒரு கொள்ளைக்காரனும் பிடிபட்டதில்லை. அடையாளம் தெரியாத பிணங்களின் கோப்புகள் மட்டும் தவறாமல் அவர் மேஜைக்கு வரும். பேருந்து நிலையத்தைச் சுற்றி, வீடு வாசல் இல்லாமல் படுத்துக்கிடக்கிறவர்கள் யாராவது செத்துப்போனால் மச்சான்தான் போவார், படம் எடுப்பார், ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார், யாரும் தேடி வராவிட்டால் புதைக்க ஏற்பாடு செய்வார். அந்த வேலைக்கு யாரும் போட்டிக்கு வந்ததில்லை.

போன வருடம் அவரை மூன்று நாள் பயிற்சிக்குச் சென்னைக்கு அனுப்பினார்கள். ஒரு ஆளை அனுப்பியே ஆகவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. மற்ற எல்லோருக்கும் வேலை இருந்தது. பயிற்சியின் தலைப்பு, தொடர் கொலைகாரர்களின் நடத்தையை வைத்து அவர்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்பது. போகும்போது மனிதர் சாதாரணமாகத்தான் போனார். திரும்பி வந்தவர் வாசலில் கிடந்த செருப்புகளை உற்றுப் பார்த்துவிட்டு, “ஸ்டான்லி அவசரத்துல வந்திருக்கான்” என்றார். ஸ்டான்லி நான்தான். அவர் வீட்டில் சாப்பிட்டு முடித்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

அன்றைக்கு எங்களுக்குப் பாடம் நடந்தது. கொலைகாரன் செய்வதில் இரண்டு வகை உண்டாம். காரியம் முடியவும் மாட்டிக்கொள்ளாமல் தப்பவும் அவன் செய்வது ஒன்று. கதவை உடைப்பது, கையுறை போடுவது எல்லாம் அதில் சேர்த்தி. பழகப் பழக அது மாறிக்கொண்டே போகும். இன்னொன்று, காரியத்துக்குத் தேவையே இல்லாதது. தன் மனசுக்காக மட்டும் அவன் செய்வது. அதுதான் அவனுடைய கையெழுத்து, அது லேசில் மாறாது. செத்தவரின் முகத்தை மூடிவிட்டுப் போகிறான் என்றால் அவனுக்குள் குற்ற உணர்வு இருக்கிறது என்று அர்த்தம். ஒரு கொலைக்கும் அடுத்த கொலைக்கும் நடுவில் அவன் ஆறி அடங்கும் காலம் என்று ஒன்று உண்டு. செய்த இடத்துக்கு அவன் திரும்பி வருவான், சில பேர் அடக்கத்துக்கே வந்து நிற்பார்கள். இவ்வளவையும் மச்சான் கறிக்குழம்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னார். குழம்பு ஆறி அடங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் எது நடந்தாலும் ஆராய்ச்சிதான். அடுக்களையில் தொங்கிய சிறுமலை வாழைத்தாரில் தினமும் இரண்டு பழம் குறைந்தது. குற்றவாளி வீட்டுக்குள் பழகிய ஆள், ஐம்பது தாண்டியவர், மனக்கட்டுப்பாடு இல்லாதவர், தோலை ஜன்னல் வழியாக எறிவதால் யாருக்கோ பயப்படுகிறவர் என்று மச்சான் நோட்டில் எழுதி அக்காளிடம் நீட்டினார். அக்காள் படித்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை வியாதிக்காரர் என்பதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள்.

இந்த நிலையில்தான் மாசி மாதத்தில் ஒரு பிணம் கிடைத்தது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பூட்டிக் கிடக்கும் கடைகளின் முன்னால் ஒரு வயசாளி செத்துக் கிடந்தார். உடம்பில் காயம் இல்லை. கண் மூடியிருந்தது. முகம் மேற்குப் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. மேலே சுத்தமான வெள்ளைத் துண்டுத்துணி ஒன்று போர்த்தியிருந்தது. செருப்புகள் தலைமாட்டில் ஜோடியாக இருந்தன. மச்சானுக்கு எங்கேயோ மணி அடித்திருக்கிறது. பழைய கோப்புகளைப் புரட்டினார். மூன்று மாதத்தில் இதேபோல இன்னும் மூன்று. அதே வெள்ளைத்துணி, அதே மேற்கு. நாலுமே செவ்வாய்க்கிழமை அல்லது வெள்ளிக்கிழமை விடியற்காலை.

தமிழ்நாட்டில் செவ்வாய், வெள்ளி என்று சொன்னாலே போதும், பாதி ஆட்கள் மாந்திரீகம் என்று முடிவுக்கு வந்துவிடுவார்கள். மச்சானும் தமிழ்நாட்டுக்காரர்தான்.

பேருந்து நிலையத்தை ஒட்டி நான் ஜெராக்ஸும் தட்டச்சும் வைத்திருக்கிறேன். ஸ்டேஷன் கம்ப்யூட்டரில் அடித்தால் விஷயம் வெளியே போய்விடும் என்று அறிக்கையை என் கடையில் வந்து அடிக்கச் சொன்னார். ரகசியம் காப்பதற்கு பஸ் ஸ்டாண்டைவிடத் தோதான இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. பதினாலு பக்கம். கொலைகாரன் ஆண், முப்பதிலிருந்து நாற்பத்தைந்து வயதுக்குள், தனியாக வசிக்கிறவன், சிறு வயதில் அப்பாவை இழந்தவன், சுத்தம் பார்க்கிறவன், பேருந்து நிலையத்தைச் சுற்றியே தொழில் செய்கிறவன். மேற்கு என்பது சூரியன் மறையும் திசை. ஆகவே அவன் இந்த முதியவர்களுக்கு விடுதலை கொடுப்பதாக நினைக்கிறான். காயமே இல்லையே மச்சான் என்று கேட்டேன். அதுதான் அவனுடைய சாமர்த்தியம் என்றார். பிரேதப் பரிசோதனை அறிக்கை வரட்டுமே என்றேன். அது வருவதற்குள் ஐந்தாவது விழுந்துவிடும் என்றார்.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். அடித்துக்கொண்டே, “வெள்ளைத்துணி, தனி ஆளு, சுத்தம்னா நம்ம ஆனந்த்ராஜ்தான் மச்சான்” என்றேன். கேலியாகத்தான் சொன்னேன். ஆனந்த்ராஜ் மெக்கானிக் கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் துண்டுத்துணி மூட்டை தூக்கி விற்கிறவன். முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. மச்சான் சிரிக்கவில்லை. அந்தப் பேரைப் பதினாலாம் பக்கத்தின் அடியில் சேர்க்கச் சொன்னார். நானும் சேர்த்தேன், அச்சு எடுத்தேன், ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தேன்.

இன்ஸ்பெக்டருக்கு அறிக்கை மிகவும் பிடித்துப்போனது. அவருடைய ஸ்டேஷனில் ஒரு தொடர் கொலைகாரன் என்பது பேப்பரில் படத்தோடு வரக்கூடிய சமாச்சாரம். டி.எஸ்.பி. முன்னால் மச்சானைப் பேச வைக்கப் போவதாகச் சொன்னாராம். ஓய்வு பெற ஏழே மாதம் இருந்த மனிதருக்கு உத்தியோகத்தில் முதன்முதலாக ஒரு பாராட்டு. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அக்காளிடம் அதை மூன்று தரம் சொன்னார். அவள் மூன்று தரமும் முதல் தரம் கேட்பதுபோலக் கேட்டாள்.

நான்காவது ஆளைத் தேடி யாரும் வரவில்லை. வாரம் ஒன்று கழித்து நகராட்சி மயானத்தில் அடக்கம் என்று முடிவானது. கொலைகாரன் கட்டாயம் வருவான் என்று மச்சான் சாதாரண உடுப்பில் வந்தார். செத்தவரின் சொந்தக்காரன் மாதிரி நிற்க ஒரு ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். காலை ஒன்பது மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. வேப்பமரத்துக்குப் பின்னால் மச்சான் ஒளிந்திருந்தார். மரம் ஒல்லி, மச்சான் அப்படி இல்லை.

ஒரு மணி நேரத்தில் வந்தது ஒரே ஆள். ஐம்பத்தைந்து வயது சொல்லலாம், முக்காடு போட்ட ஒரு அம்மா, கையில் ஒரு சின்னப் பன்னீர் பாட்டில். குழிக்குப் பக்கத்தில் போகத் தயங்கி வாசலிலேயே நின்றது. மச்சானுக்கு வாசல் மறைந்தது. அவரே போய், “கொஞ்சம் ஓரமா நில்லுங்கம்மா, ஒரு ஆள எதிர்பாத்துக்கிட்டிருக்கோம்” என்று நகர்த்திவிட்டு மறுபடி மரத்துக்குப் பின்னால் வந்துவிட்டார்.

அப்போது அவருக்குப் போன் வந்தது. இன்ஸ்பெக்டர் காத்திருக்கவில்லை. காலையிலேயே பேருந்து நிலையத்தில் ஜீப்பை நிறுத்தி, ஆனந்த்ராஜை மூட்டையோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டாராம். “அதான் இங்க வரல” என்று மச்சான் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். விளையாட்டுக்குச் சொன்ன பேர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்தது.

குழி வெட்டிக்கொண்டிருந்த ஊழியர் நிமிர்ந்து அந்த அம்மாவைப் பார்த்து, வாங்க என்று கூப்பிட்டார். இந்த மாதிரி அனாதை அடக்கத்துக்கெல்லாம் வருகிறவர்கள்தான் என்று எங்களிடம் சொன்னார். மூன்று மாதத்தில் இது நான்காவது தரம்.

“மச்சான், வந்தது ஒரே ஆளு” என்றேன்.

“அது பொம்பளைப்பா. நம்ம அறிக்கைல ஆம்பளை.”

எனக்குக் கோபம் வந்தது. அறிக்கையில் எழுதியிருப்பவனைத்தான் பார்ப்பேன் என்றால் கண் எதற்கு, பதினாலு பக்கத்தை முகத்தில் ஒட்டிக்கொண்டு திரிய வேண்டியதுதானே என்று சொல்லிவிட்டு நானே அந்த அம்மாவிடம் போனேன். மச்சானும் பின்னாலேயே வந்தார்.

பேர் சைதூன். ஒரு பிரியாணிக் கடை அடுக்களையில் வேலை. நாங்கள் யார் என்று சொன்னதும் பன்னீர் பாட்டிலை முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டார். மச்சான், எப்போதும் இல்லாதபடி, தரையில் உட்கார்ந்து அவரையும் உட்காரச் சொன்னார். அந்தத் துணியைப் போர்த்தியது நீங்களா என்று மெதுவாகக் கேட்டார்.

“ஆமா சார். கண்ணத் தெறந்துக்கிட்டு, வாயில ஈ மொய்க்கக் கெடந்தாங்க. எங்கள்ல மையத்த மேற்க பாத்து வைக்கிறது. அவுக என்ன சாதி சனம்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மொறைல செஞ்சேன்.”

துணி, பிரியாணிச் சட்டியின் வாயை மூடி வேடு கட்டுவதற்காக ஆனந்த்ராஜிடம் வாங்கி வெளுத்து வைப்பதாம். பிணவறையில் வேலை செய்யும் ஒருவர் கடைக்குச் சாப்பிட வரும்போது அடக்கம் என்றைக்கு என்று சொல்லிவிடுவாராம். போலீசில் சொன்னால் தன்னையே பிடித்துக்கொண்டு போவார்கள் என்று பயந்து யாரிடமும் வாய் திறக்கவில்லை.

மச்சானுக்கு ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் ஏன் என்று கேட்டார்.

“அந்த ரெண்டு நாளுதான் சார் நான் அந்த வழியா மார்க்கெட்டுக்குப் புதினா வாங்கப் போறது. மத்த நாள்ல யாரு செத்தாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

மற்ற நாட்களில் செத்தவர்கள் மச்சானுக்குத் தெரியும். அதே மூன்று மாதத்தில், அதே மேஜையில், இன்னும் ஏழு கோப்புகள் இருந்தன. துணி போர்த்தாத ஏழு பேர். கையெழுத்து இல்லை என்று அவர் அந்த ஏழையும் ஒதுக்கி வைத்துவிட்டார். துணியை நீக்கிவிட்டுப் பார்த்தால், பனியிலும் பட்டினியிலும் நோயிலும் பதினோரு பேர் செத்திருக்கிறார்கள். அதில் நாலு பேர் சைதூன் புதினா வாங்கப் போன வழியில் கிடந்தார்கள். அவர் கண்டுபிடித்த நடத்தை சரியான நடத்தைதான். காரியத்துக்குத் தேவை இல்லாதது, தன் மனசுக்காக மட்டும் ஒருவர் செய்வது. கொலைகாரனைத் தவிர வேறு யாரும் அப்படிச் செய்யக்கூடும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

அடக்கம் முடிந்து ஸ்டேஷனுக்குப் போகும்போது நானும் கூடப் போனேன். மச்சான் வழியில் வீட்டில் இறங்கி உடுப்பு மாற்றிக்கொண்டார். ஆனந்த்ராஜ் ஸ்டேஷன் மூலையில், மடிப்புக் கலையாத சட்டையில், தரையில் உட்கார வைக்கப்பட்டிருந்தான். நான் அவனைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். மச்சான் நேரே இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்று, அறிக்கை மொத்தமும் தப்பு, கொலையே இல்லை என்றார். இன்ஸ்பெக்டருக்கு முகம் சுண்டிவிட்டது. டி.எஸ்.பி.க்குச் சொல்லியாகிவிட்டதே என்றார். அதற்குத் தானே போய்ப் பதில் சொல்வதாக மச்சான் சொன்னார்.

“அப்ப அந்தத் துணியப் போட்டது யாருய்யா?”

“நம்ம போட்டிருக்க வேண்டியதுங்கய்யா. நமக்கு முன்னாடி ஒருத்தவங்க போட்டுட்டாங்க.”

பேரைக் கேட்டதற்கு, எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் தருகிறேன் என்றார். நாற்பது வயது இன்ஸ்பெக்டர் முன்னால் என் மச்சான் குரல் உயர்த்தாமல் அப்படி நின்றதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. சொல்வதற்கு என்ன, எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனந்த்ராஜைப் போகச் சொன்னார்கள். அவன் எழுந்திருக்கவில்லை.

“ஜீப்புல ஏத்துனத பஸ் ஸ்டாண்டே பாத்துச்சு சார். இப்ப நான் தனியா நடந்து போனா ஜாமீன்ல வந்துட்டாம்பாங்க. இனி எவன் எங்கிட்டத் துணி வாங்குவான்?”

மச்சான் குனிந்து அவனுடைய மூட்டையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார். காக்கி உடுப்பில், உச்சி வெயிலில், சாலையில் முன்னால் நடந்தார். ஆனந்த்ராஜ் பக்கத்தில் நடந்தான். டீக்கடை, பழக்கடை, செல்போன் கடை என்று ஒரு கடை விடாமல் நின்றார். எல்லா இடத்திலும் அதே இரண்டு வாக்கியம்தான். “இவரு மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் தப்பா எழுதிட்டேன்.” ஆட்கள் முதலில் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். நாலைந்து கடைக்குப் பிறகு எழுந்து நின்று கேட்டார்கள்.

நான் குறுக்குவழியில் என் கடைக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். என் கடையைத் தாண்டிப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். மச்சான் வந்து நின்று, என்னை யாரென்றே தெரியாதவர்போல, அதே இரண்டு வாக்கியத்தைச் சொன்னார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எழுந்து நின்றேன்.

“பேரச் சொன்னது நான்தான் ஆனந்து” என்றேன். “விளையாட்டுக்குச் சொன்னேன்.”

ஆனந்த்ராஜ் என் பக்கம் திரும்பினான். வாரத்துக்கு இரண்டு தரம் என் கடை மெஷின் துடைக்கத் துணி கொடுக்கிறவன்.

“விளையாட்டுக்குத்தானாண்ணே” என்று கேட்டுவிட்டு, மச்சான் தோளிலிருந்து மூட்டையை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனான்.