புளிக்குழம்பை நீக்கிய ஞாயிறு

பதினொரு வயதில் வாக்குவாதத்தில் என்னை ஜெயித்தவர்கள் கச்சிராயபாளையத்தில் யாரும் கிடையாது. பள்ளிக்கூடத்துப் பேச்சுப்போட்டியில் எப்போதும் எனக்குத்தான் முதல் பரிசு. வீட்டில் எதிர்த்துப் பேசவே ஆளில்லை. பேசினால் சாப்பாடு ஆறிப்போகும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தத் திமிரோடு நான் நடத்திய பெரிய வழக்கு, பெங்களூரில் வேலை பார்த்த என் மாமா மீது போட்டது.

மாமா, அம்மாவுக்குத் தம்பி. கம்ப்யூட்டர் விளையாட்டுகளை வாங்கிச் சேர்ப்பதில் அவருக்குப் பைத்தியம். எல்லாம் இணையத்தில் அவர் கணக்கில் கிடந்தன. கையில் எடுத்துக் காட்ட ஒன்றுமே இல்லை. தன் பழைய லேப்டாப்பை எனக்குக் கொடுத்து, அந்தக் கணக்கின் குடும்பப் பட்டியலில் என்னையும் சேர்த்துவிட்டிருந்தார். பட்டியலில் மொத்தம் ஆறு பேர் இருக்கலாம். ஒரு விளையாட்டை ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆடலாம். விற்கிற கம்பெனியின் சட்டம் அது.

எனக்குப் பிடித்தது விவசாய விளையாட்டு. டிராக்டர் ஓட்டலாம், உழலாம், அறுக்கலாம். எங்கள் கரும்புக் கொல்லையில் காய்ந்த சோகை உரிக்கக் கூப்பிட்டால் எனக்கு வயிற்றுவலி வந்துவிடும். திரையில் மட்டும் நாற்பது ஏக்கர் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு டியூஷன் முடிந்து வருவேன். ஏழு மணிக்கு அப்பா தன் போனை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்புவார். போனோடு நெட்டும் போய்விடும். எனக்கென்று இருந்ததே அந்த ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில்தான், 'இந்த விளையாட்டை வேறொருவர் ஆடிக்கொண்டிருக்கிறார்' என்று திரை சொல்லும். ஒரு நாள் இல்லை, தினமும். பட்டியலைத் திறந்து பார்த்தேன். மாமா, நான், என் தம்பி, சங்கராபுரத்துப் பெரியம்மாவின் பிள்ளைகள் இருவர். ஆறாவதாக, முகம் தெரியாத ஒரு பெயர்: 'புளிக்குழம்பு'. ஆடிக்கொண்டிருந்தது அதுதான்.

போனில் மாமாவைக் கேட்டேன். "ஒரு ஃப்ரெண்டும்மா" என்றார். ஃப்ரெண்டு எப்படிக் குடும்பமாவார் என்று ஒரு மாதம் விடாமல் கேட்டேன். கடைசியில், "வர்ற ஞாயித்துக்கெழம ஊருக்கு வரேன். எல்லாரும் இருக்கறப்ப பேசிக்கலாம்" என்றார். வழக்கு விசாரணைக்கு வருகிறது என்று துள்ளிக் குதித்தேன்.

சொன்னபடி வந்தார். புதுச்சட்டை, இரண்டு கிலோ மைசூர்பாக்கு. பெரியம்மாவையும் வரச் சொல்லியிருந்தார். மத்தியானம் சோற்றைப் பிசைந்தாரே தவிர சாப்பிடவில்லை. எல்லோரும் கை கழுவிவிட்டு உட்கார்ந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஒரு விஷயம் பேசணும்னுதான்க்கா வந்தேன்..."

அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது. "நானே சொல்றேன் மாமா" என்று எழுந்து நின்றேன். புளிக்குழம்பு பற்றிய முழு வழக்கையும் தேதி வாரியாக எடுத்து வைத்தேன்.

மாமா திகைத்துப்போய், "ஒரு பொஸ்தகம் வாங்கினா ஃப்ரெண்டுக்குக் குடுக்கறது இல்லையா? அது மாதிரிதான்" என்றார்.

"பொஸ்தகத்தக் குடுத்தா உங்க கையில இருக்காது. இது உங்க கையிலயும் இருக்குது, அவங்க கையிலயும் இருக்குது. என் கையிலதான் இல்ல."

பெரியம்மா கைதட்டினார். அந்த வாரம் கோமுகி வாய்க்காலில் முறைத்தண்ணீர் விட்டிருந்தார்கள். எந்தக் கொல்லைக்கு எத்தனை மணி நேரம் என்று முறை உண்டு. பாசனத்துக்குப் பாத்தியமே இல்லாத ஒருவர் வாய்க்காலில் ஓஸ் போட்டு உறிஞ்ச, அப்பா அவரோடு மல்லுக்கு நின்றுவிட்டு வந்திருந்தார். அந்தச் சூட்டை நான் பயன்படுத்திக்கொண்டேன். "இதுவும் முறைத்தண்ணிதான்ப்பா. ஆறு பேருக்குத்தான் மொற. வெளியாளு ஓஸ் போட்டுட்டாங்க."

அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. "பாப்பா சொல்றது ஞாயம்தான் மாப்ள. ஆயக்கட்டுல நெலம் இல்லாதவனுக்கு வாய்க்கால்ல இன்னா வேல?"

"யாருடா அந்தப் புளிக்கொழம்பு?" என்றார் அம்மா.

"ஒறவு சொல்லுடா" என்றார் பெரியம்மா. "நமக்கு இன்னா மொற ஆவணும்? மொற சொன்னா இருந்துட்டுப் போவட்டும்."

மாமா வாயைத் திறந்தார். அப்பாவைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். நான் லேப்டாப்பைக் கொண்டுவந்து, அப்பாவின் போனில் நெட்டைப் போட்டு, நீக்குகிற பொத்தான் எங்கே இருக்கிறது என்றும் காட்டிக்கொடுத்தேன். அழுத்தினார். பெயர் போய்விட்டது. அம்மா மைசூர்பாக்குப் பெட்டியைப் பிரித்தார்.

"அதிருக்கட்டும், நீ இன்னா பேசணும்னு வந்த?" என்றார்.

"இதான்க்கா" என்றார் மாமா.

மறுநாள் என் வகுப்புத் தோழியை அந்த ஆறாவது இடத்தில் சேர்க்கச் சொல்லி மாமாவுக்குப் போன் செய்தேன். ஆமாம், நானேதான். ஒருவரை நீக்கினால் ஒரு வருடத்துக்கு அந்த இடத்தில் யாரையும் சேர்க்க முடியாது என்று மாமா சொன்னார்.

அந்த ஒரு வருடம் முடிவதற்குள் மாமா எப்படியோ வாயைத் திறந்து விஷயத்தைச் சொல்லிவிட்டார். வேறு சாதிப் பெண் என்று வீட்டில் அழுகை, கூச்சல், அப்பா முகம் கொடுத்துப் பேசாத சில மாதங்கள். அதற்கப்புறம்தான் கல்யாணம். இன்றைக்கு அவர் எனக்கு அத்தை. எங்கள் வீட்டில் அப்பா விரும்பிப் பேசுகிற ஒரே ஆளும் அவர்தான். போன பொங்கலுக்கு வந்தபோது அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேச்சு வந்தது.

"வூட்ல சொல்லிட்டு உடனே போன் பண்றேன்னு கெளம்பினாரு. எனக்கு ஒக்கார முடியல, நிக்க முடியல. சும்மா அந்த கேமைத் தொறந்து வெச்சிக்கினு போனையே பாத்துக்கினு இருந்தேன். போன் வரல. ஸ்கிரீன்லதான் வந்துச்சு, 'இந்தக் குடும்பத்திலிருந்து நீங்கள் நீக்கப்பட்டீர்கள்'னு."

சொல்லிவிட்டு அத்தை சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு நான் லேப்டாப்பைத் திறந்தபோது குறுக்கே யாருமில்லை. நாற்பது ஏக்கரையும் உழுது முடித்தேன். மாமா மட்டும் ராத்திரிச் சாப்பாட்டுக்குக்கூட இருக்காமல், என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறிப் போயிருந்தார். ஏன் அப்படிப் போனார் என்று தம்பி கேட்டான். தோற்றவர்கள் அப்படித்தான் போவார்கள் என்று சொல்லிக்கொடுத்தேன்.