கருப்பாயி எழுதிய சட்டம்

முனீஸ்வரி அக்காவால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. கம்பத்தில் நாங்கள் வேலை பார்க்கும் திராட்சை கோல்டு ஸ்டோரேஜில் அவருக்கு நாற்காலி கொடுத்ததே வீண். பில்கூட நின்றுகொண்டுதான் போடுவார்.

மத்தியானம் ஒன்றரை முதல் இரண்டே கால் வரை மட்டும் அசைய மாட்டார். அந்த முக்கால் மணி நேரம் அவர் முனீஸ்வரி இல்லை, கருப்பாயி. ‘ஏழ்நிலம்’ என்று ஓர் ஆன்லைன் விளையாட்டு. ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு அந்த ஆளாகவே பேச வேண்டும், சண்டை போட வேண்டும். குரலே கிடையாது, எல்லாம் எழுத்தில்தான். எங்கள் கார்மேகக் கூட்டத்தில் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்கள் முப்பத்தாறு பேர். கருப்பாயி காவல் தலைவி. விஜய்பாண்டியாகிய நான் அவருக்கு உதவியாள்.

மற்ற கூட்டங்களில் சேர ‘உறுதி ஏற்கிறேன்’ என்று ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். அக்காவுக்கு அது பத்தாது. நிஜச் சூடம் ஏற்றி, உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்து வீடியோ அனுப்ப வேண்டும். படைத்திட்டத்தை வெளியே சொன்னவரைத் தள்ளி வைக்க வேண்டும். அவரோடு கூட்டத்தார் ஒருவரும் விளையாட்டுக்கு உள்ளேயும் பேசக்கூடாது, வெளியேயும் பேசக்கூடாது; பேசினால் அவருக்கும் அதே தண்டனை. அந்த ‘வெளியேயும்’ அக்கா சேர்த்தது. விளையாட்டுக்குள் ஊர்விலக்கைக் கொண்டுவந்து வைக்கிறோமே என்று எங்களில் ஒருவருக்காவது உறைத்திருக்க வேண்டும். நாங்களோ கைதட்டினோம்.

போன வருடம் போடி ஜவுளிக்கடைக்காரர் ஒருவரை அப்படித் தள்ளி வைத்தோம். பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில் அவர் கும்பிட்டபோது, அக்கா பந்தியை விட்டே எழுந்து போனார்.

இத்தனைக்கும் அக்கா இந்த விளையாட்டிலேயே கிடந்தது தங்கை யுவராணிக்காக. ஆறு வருடத்துக்கு முன் அவள் குமுளிக்கார இம்மானுவேலைக் கட்டிக்கொண்டு போனாள். அப்பா அம்மாவாசி சாகக் கிடந்தபோது மூத்தவளைக் கூப்பிட்டு, தங்கையோடு பேசமாட்டேன் என்று சூடம் அணைக்க வைத்தார். அக்காவும் அணைத்தார். பெரியவர் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார், நிம்மதி போனது இவருக்கு.

அப்புறம் யுவராணி ‘செவ்வந்தி’ என்ற பேரில் எங்கள் கூட்டத்தில் சேர்ந்தாள். முனீஸ்வரி யுவராணியோடு பேசவில்லை. கருப்பாயிதான் செவ்வந்தியோடு பேசினாள். யார் யாரென்று இருவருக்கும் தெரியும், சொல்லிக்கொள்ளவில்லை. கோட்டைக் காவலில் ஆரம்பிக்கும் பேச்சு, “சின்ன வீரருக்குக் காய்ச்சல் தணிந்ததா?” என்று முடியும். சின்ன வீரர் யுவராணியின் மூன்று வயது மகன். இப்போது அவள் மறுபடி முழுகாமல் இருப்பதும் கருப்பாயிக்குத்தான் முதலில் தெரியும்.

போன மாதம் நாங்கள் பிடிக்கப் போன கணவாயில் எதிரிக் கூட்டம் முன்கூட்டியே காத்திருந்தது. செமத்தியாக அடி வாங்கித் திரும்பினோம். அன்றே செவ்வந்தி, கூட்டத்தார் எல்லாரும் படிக்கும் சபையில் எழுதினாள்: “என் கணவர் அந்தக் கூட்டத்து ஆள். சோறு போடும்போது வாய்தவறிச் சொல்லிவிட்டேன். குற்றம் என்னுடையது.” மறைத்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. எனக்கு அவள்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

“விட்ருங்கக்கா, வெளையாட்டுத்தான,” என்றேன்.

“அத்தன பேரும் கையச் சுட்டுக்கிட்டுச் சத்தியம் பண்ணிருக்காக. போடிக்காரருக்கு ஒரு சட்டம், என் தங்கச்சிக்கு ஒரு சட்டமாக்கும்?”

தள்ளி வைத்ததாகச் சபையில் எழுதிவிட்டார். செவ்வந்தியின் பேர் பட்டியலிலிருந்து போய்விட்டது.

மறுநாளிலிருந்து ஒன்றரை மணிக்கும் அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குளிரறைக் கதவைத் திறப்பார், மூடுவார், மறுபடி திறப்பார். ஏற்றி முடித்த பெட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். லாரிக்காரர்களிடம் எரிந்து விழுந்தார். அவரைப் பார்த்துப் பார்த்து எனக்கும் வேலை ஓடவில்லை.

நாலாம் நாள் என் மேசைக்கு வந்தார்.

“ஏலே பாண்டி, அந்தப் புள்ளைக்கு நாள் நெருங்கிருச்சு. போன பேறுலயே ரொம்பக் கஷ்டப்பட்டுச்சு. அங்கன என்ன நடக்குதுன்னு நான் யார்ட்டப் போயிக் கேக்க?”

“அப்பாவுக்குப் பண்ணுன சத்தியம்?”

“அது என் தலையிலயே விடியட்டும். நான் பேசி முடிச்சதும் என்னயவும் தள்ளி வச்சு எழுது. ஒரு வார்த்த கொறையக் கூடாது.”

குமுளி ஜீப்காரர் ஒருவரிடம் எண்ணைக் கேட்டு வாங்கியிருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டு என் மேசைமேல் வைத்தார். மணி அடித்தது. மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பெண்குரல் “ஹலோ” என்றது.

“சாப்ட்டியா?” என்றார் அக்கா.

நாலு நாளைக்கு முன்புவரை தினமும் முக்கால் மணி நேரம் எழுத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள். குரலைக் கேட்டுத்தான் வருடக்கணக்கு ஆகியிருந்தது.

“யாருங்க பேசுறது?” என்று கேட்டாள் யுவராணி.