லாக்டேட் குழாயும் இரண்டு குடம் தண்ணீரும்

லாக்டேட் டெஸ்டுக்கு ரத்தம் எடுப்பது எங்கள் லேபில் யாருக்கும் பிடிக்காத வேலை. ஆள் அரை மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும். கையில் கட்டுகிற ரப்பர் பட்டையை இறுக்கக் கூடாது. எடுத்த குழாய் உடனே ஐஸுக்குள் போக வேண்டும். நான் ஐந்தாவது வரை படித்தவன். விதி தெரியும், காரணம் தெரியாது. தப்பு அங்கேதான் நடந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் மயிலாப்பூரில் ஒரு சின்ன லேபில் இருந்தேன். சைக்கிளில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவேன். அடையாறு டாக்டரம்மா ஒருவர் லாக்டேட் டெஸ்ட் எழுதி இரண்டு சீட்டு அனுப்பினார். ஒன்று எட்டு வயது பாலாஜிக்கு, ஆட்டிசம். இன்னொன்று அவன் அம்மா லலிதாவுக்கு. மூன்று வருஷமாகத் தீராத அசதி. உடம்பில் சக்தி உண்டாகிற இடத்தில் இருவருக்கும் ஒரே கோளாறு இருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம். இருந்தால் ரத்தத்தில் லாக்டேட் ஏறியிருக்குமாம்.

மந்தைவெளியில் மாடி வீடு. நான் போனபோது லலிதாம்மா லாரித் தண்ணீர் பிடித்து இரண்டாவது குடத்தோடு படியேறி வந்து நாற்காலியில் சாய்ந்தார்.

ஆபீஸ் கிளம்பிக்கொண்டிருந்த அவர் கணவர், "ரெண்டு குடத்துக்கு என்ன மூச்சு! சோம்பேறித்தனத்துக்குக்கூட டெஸ்ட் இருக்கா, ஏழுமலை?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சீக்கிரம் எடுத்துடுங்கோ. அப்புறம் என்னால உக்காரவும் முடியாது" என்றார் லலிதாம்மா.

எனக்கு இன்னும் நாலு வீடு பாக்கி. காத்திருக்காமல் எடுத்தேன். பாலாஜி அலறினான். அவன் அப்பா அமுக்கிப் பிடிக்க, பட்டையை இறுக்கிக் கட்டினேன். சீட்டில் பேரும் நேரமும் மட்டும் எழுதினேன்.

இருவருக்குமே லாக்டேட் அதிகம் என்று வந்தது. நானே ரிப்போர்ட்டை அடையாறுக்குக் கொண்டுபோனேன். அங்கே வந்திருந்த லலிதாம்மா அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். "இனிமே என்னைச் சோம்பேறின்னு சொல்ல மாட்டார்" என்று மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"அரை மணி ரெஸ்ட்ல இருந்தாங்கல்ல?" என்று டாக்டர் கேட்டார். தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். சைக்கிள் ஸ்டாண்டை எடுக்க மனசு வரவில்லை. திரும்பிப் போனேன்.

"இல்ல மேடம். அம்மா அப்பத்தான் கொடம் தூக்கிக்கினு வந்தாங்க. பையன அமுக்கிப் புடிச்சோம். பட்டையும் இறுக்கிட்டேன்."

"தசை வேலை செஞ்சாலே லாக்டேட் ஏறும், ஏழுமலை. உங்களுக்கு யாரும் சொல்லித் தரலையா?" என்றார் டாக்டர். லலிதாம்மா கைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

மறு வாரம் ஒன்றரை மணி நேரம் அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பாலாஜி குழாய் மூடிகளைக் கலர் கலராகத் தரையில் அடுக்கி முடித்துச் சும்மா இருந்தபோது, பட்டை இல்லாமல் எடுத்தேன். இருவருக்கும் நார்மல்.

"அப்போ எனக்கு ஒண்ணுமே இல்லையா, டாக்டர்?" என்று கிளினிக்கில் லலிதாம்மா கேட்டார்.

"இந்தக் குழாய்ல ஒண்ணும் தெரியல. அவ்வளவுதான்."

நான் கதவோரம் நின்றிருந்தேன். பெரியவர்கள் பேசும்போது வாய் திறக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அன்று திறந்தேன்.

"மேடம், மொத தபா ரத்தம் எடுத்த மறுநாள், அவங்க வீட்ல மறந்து வெச்ச பஞ்சு டப்பாவ எடுக்கப் போனேன். கதவு தெறந்தே கெடந்துச்சு. அம்மா எழுந்திருக்க முடியாம படுத்துக்கினு கீறாங்க. பையனும் மூலையில சுருண்டு கெடந்தான். கண்ணே தெறக்கல."

டாக்டர் பேனாவைத் திறந்தார். "மறுநாளா? ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும் மேடம்."

"எப்பவுமே அப்படித்தான். யார்ட்ட சொல்றது?" என்றார் லலிதாம்மா.

டாக்டர் அதை அப்படியே ஒரு தாளில் எழுதினார்: இரண்டு குடம் தூக்கியதற்கு மறுநாள் முழுக்கப் படுக்கை, குழந்தைக்கும் பயந்து அழுத மறுநாள் அதே நிலை. கீழே கையெழுத்துப் போட்டு, "வீட்டுக்காரர்ட்ட காட்டுங்க. சோம்பேறித்தனம் மறுநாள் இப்படிப் படுக்க வைக்காது" என்று கொடுத்தார்.

அம்மாவின் அசதிக்கும் மகனின் ஆட்டிசத்துக்கும் உடம்பில் தொடர்பு உண்டா என்று அந்த டாக்டருக்குக் கடைசிவரை தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது கொஞ்சம். ரத்தம் எடுக்கப் போகிற தம்பிகள், எடுக்கும்முன் அந்த ஆள் என்ன செய்துகொண்டிருந்தார் என்று சீட்டின் பின்பக்கம் எழுதுங்கள். நான் அன்றிலிருந்து எழுதினேன்.

ஒரு மாதம் கழித்து மந்தைவெளி வழியாகப் போனேன். தண்ணீர் லாரி முன்னால் வரிசையில் லலிதாம்மாவின் கணவர் இரண்டு குடத்தோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.