வரிக்கு முன்னால் நின்ற கூட்டல் குறி

குளிரறையில் பெட்டி தூக்கும் அம்மாவுக்கு நான் இரண்டாயிரத்து நூறு பாக்கி வைத்திருந்தேன். இதை நானே எழுதிவிடுகிறேன். வேறு யாராவது எழுதினால் பழி என் தங்கை வீட்டுக்காரர் தலையில் விழும்.

அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை எங்கள் கிடங்கின் கணினிக்காரர். பன்னிரண்டு வருஷமாக மாடிப்படிக்குக் கீழே, தலையைக் குனிந்தபடி, அறுபது பேருக்குக் கூலி போடும் நிரலைப் பார்த்துக்கொள்கிறார். நாலு கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் வரும். கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருப்பார். சம்பளத்தைக் கூட்டிக் கேட்டதில்லை. நானும் கேட்காமல் கொடுக்கிற ஆள் இல்லை.

நான் ஆறாவதோடு நின்றவன். மூட்டை தூக்கியே கிடங்குக்கு முதலாளியானேன். எந்தக் கணக்கானாலும் இடது ஓரத்தில் விரலை வைத்து, கூட்டலா கழித்தலா என்று பார்த்தபடி மளமளவென்று இறங்கிவிடுவேன். படித்தவர்களே மூக்கில் விரல் வைப்பார்கள். அந்தத் தைரியத்தில்தான் கூலி நிரலையும் அச்சடித்துக் கொண்டுவரச் சொன்னேன்.

மாப்பிள்ளை ஃபார்மேட்டர் என்று ஒன்று வைத்திருந்தார். எழுதியதைச் சேமித்ததும் நீளமான வரிகளை அதுவே மடித்து அடுக்கிவிடும். கூலிக் கணக்கு நீளம்: நாள்கூலி, பெட்டிக்கு இவ்வளவு, கடைசியில் குளிரறையில் வேலை பார்ப்பதற்கான படி. மடித்த இடத்தில் கூட்டல் குறி மேல்வரியின் கடைசியில் போய் ஒளிந்துகொண்டது. என் விரலுக்கு அகப்படவில்லை. குறியைக் கீழ்வரிக்கு முன்னால் கொண்டுவரச் சொன்னேன்.

"அது மடிச்சபடியே இருக்கட்டும் மச்சான்."

"அது சொல்றத நான் கேக்கணுமா, நான் சொல்றத அது கேக்கணுமா?"

ஃபார்மேட்டரை நிறுத்திவிட்டு, கையாலேயே குறியைக் கீழே இறக்கினார். அவர் முன்பு பழகிய கணினி மொழியில் அரைப்புள்ளி வைத்தால்தான் கணக்கு முடியும். இந்த மொழி அப்படியில்லை. மேல்வரி முழுசாகத் தெரிந்ததும் கணக்கு முடிந்ததாக எடுத்துக்கொண்டது. கீழே நின்ற படியைத் தனியாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் தூக்கிப்போட்டது. அந்தப் படி வாங்குகிறவர் அந்த அம்மா ஒருவர்தான். மற்ற எல்லாருக்கும் கூலி சரியாகவே போனது.

ஆறு மாசம் கழித்து அந்த அம்மா ஆறு கூலிச் சீட்டுகளை என் மேஜையில் பரப்பினார். மாசம் முந்நூற்றைம்பது குறைவு. படியை நிறுத்திவிட்டதாக நினைத்தாராம். கேட்டால் வேலையும் போய்விடுமோ என்று பயந்தாராம்.

என் புத்தி போன போக்கைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பணம் மாப்பிள்ளையின் பைக்குள் போயிருக்கிறது என்றேன், நாலு பேர் கேட்க. நாளைக்குள் கணக்குக் காட்டாவிட்டால் நடையைக் கட்டச் சொன்னேன். தங்கை வந்து கதவருகே நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அறுந்த செருப்போட நடக்கிறவரு அண்ணே. திருடியிருந்தா மொதல்ல செருப்பு வாங்கியிருப்பாரு."

மாப்பிள்ளை வரி வரியாகத் தேடினார். மறுநாள் மதியம், தேடி அலுத்துப்போய், நிறுத்தி வைத்த ஃபார்மேட்டரை மறுபடி ஓடவிட்டார். எல்லாக் குறிக்கும் இரண்டு பக்கமும் இடம் விட்டு அடுக்கிய அது, அந்த ஒரு கூட்டலை மட்டும் படியோடு ஒட்டிவைத்தது. அவர் என்னைக் கூப்பிட்டு விரலால் தொட்டுக் காட்டினார்.

"இது மேல்வரியோட சேரல மச்சான். தனியா நிக்குது."

நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை இல்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

குறி முன்னால்தான் நிற்க வேண்டும் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் மொத்தக் கணக்கையும் ஓர் அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். அடைப்பு மூடும்வரை கணக்கு முடியாது. பெட்டிகளை விலையால் பெருக்கும் இடத்தை இரண்டு வரியாகப் பிய்க்கவும் கூடாது. மாப்பிள்ளை கணக்கை அடைப்புக்குள் போட்டார். குறி முன்னால் வர, ஃபார்மேட்டரையே அப்படி மடிக்க வைத்தார். இனி யாரும் கையால் மடிப்பதில்லை, நான் உட்பட.

இரண்டாயிரத்து நூறையும் தன் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னார். வாயை மூடுங்கள் மாப்பிள்ளை என்றேன். அவரையும் கூட்டிக்கொண்டு குளிரறைக்குப் போனேன். முழங்கால் வலியில் நாலு படி ஏறவே நேரமானது. திருட்டு இல்லை, என் பிடிவாதம் என்று அங்கிருந்தவர்கள் கேட்கச் சொன்னேன். அந்த அம்மா கையுறையைக் கழற்றி உள்ளங்கையை நீட்டினார். நூறு நூறாக, இருபத்தொரு தாளையும் எண்ணி வைத்தேன்.