குட்டியைக் காணோம்

அந்த வருஷங்களில் எனக்குப் பொழுது விடிவதே போனில்தான். பல் துலக்குவதற்கு முன்பே எந்த நாட்டில் குண்டு விழுந்தது, எத்தனை பிள்ளைகள் செத்தன என்று பார்த்துவிட வேண்டும். பிறகு முன்பின் தெரியாத எவனோடோ மத்தியானம் வரை சண்டை. "ஒலகத்தையே நீங்கதான் தாங்குறீங்களாக்கும். மொதல்ல அந்தப் பூனைக்குச் சோத்த வைங்க" என்பாள் மனைவி.

பூனைக்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. குட்டியாக வந்தது, அதனால் குட்டி. தின்று தின்று தடிமாடு மாதிரி ஆன பிறகும் குட்டிதான். ஆனால் கண்டிக்குப் பக்கத்தில் அலவத்துகொடவில் நாங்கள் வாடகைக்கு இருந்த ஒழுங்கையில் இன்னொரு குட்டியும் இருந்தாள், என் நாலு வயது மகள். அவளை அப்படிக் கூப்பிட்டவர் ஒருவர்தான். நாலு வீடு தள்ளி இருந்த முஸ்லிம்காரர், த்ரீவீலர் ஓட்டுகிறவர். அவர்கள் அண்ணனை அழைப்பதுபோல நானும் அவரை நானா என்பேன். பிள்ளையில்லாதவர். என் மகள் என்றால் உயிரை விடுவார்.

கண்டிப் பக்கம் சிங்களக் கும்பல்கள் கொளுத்திக் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்த வாரம் அது. எரிந்ததெல்லாம் முஸ்லிம்களுடையது. எங்கள் வாசலில் முருகன் படம் தொங்கியது. நம்மைத் தொடமாட்டான்கள் என்று கதிரையில் சாய்ந்து கிடந்தேன். சின்ன வயதில் நாவலப்பிட்டியில் தமிழன் கடையென்று எங்கள் கடையைக் கொளுத்தியபோது நடுங்கியவன்தான் நான். அடுத்தவனுக்கு அது வந்தபோது எனக்கு மறந்துவிட்டது. சே!

ஊரடங்கு போட்டிருந்த ஒரு பின்னேரம் பூனையைக் காணவில்லை. ஒழுங்கைக்காரர்களின் போன் குரூப்பில் தட்டிவிட்டேன்: "குட்டியக் காணோம். யாராச்சும் பாத்தீங்களா?"

கால் மணித்தியாலத்தில் அது அலுமாரிக்குள் சேலைகளின் மேல் தூங்குவதைக் கண்டுபிடித்தோம். "கெடச்சிருச்சு, பூனதான்" என்று அனுப்பினேன். போகவில்லை. வதந்தி பரவுகிறதென்று அரசாங்கம் அந்த நேரம் பார்த்து எல்லாவற்றையும் முடக்கிவிட்டது. நாலு வீடு நடந்து போய் நானாவிடம் சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன்? போனை அணைத்து அணைத்துப் போட்டேன். சன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நானா முதல் செய்தியை மட்டும் பார்த்திருக்கிறார். பிள்ளை டொபி வாங்க முனைக்கடைக்கு ஓடியிருக்கும் என்று நினைத்து அப்படியே வெளியே இறங்கிவிட்டார். முனையில் பொல்லுகளோடு ஒரு கூட்டம் நின்றது. "குட்டி, குட்டி" என்று கூப்பிட்டுக்கொண்டே அவர்களுக்கு நடுவில் போனாராம். அடித்துப் போட்டுவிட்டார்கள். இடது கண் போய்விட்டது.

ஊரடங்கை எடுத்ததும் மகளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிள்ளையைக் கண்டால் மனுஷன் ஆறுதல்படுவார், பூனைக் கதை அவருக்குத் தெரியவும் வேண்டாம் என்பது என் யோசனை. எவ்வளவு கேவலமான யோசனை!

அவளைக் கண்டதும் தலையைத் தூக்கப் பார்த்தார். "எங்க மக போன? மாமா எவ்வளவு தேடின!"

"நான் எங்கயும் போகல மாமா. பூனதான் அலுமாரிக்குள்ள தூங்கிச்சு. அப்பா அதத்தான் தேடினாரு."

நானா என் பக்கம் திரும்பினார்.

"பூனயா, தம்பி?"

"ஆமா நானா. ஒடனே சொல்லத்தான் பாத்தேன். குரூப்ப நிப்பாட்டிட்டாங்க."

"நாலு ஊடுதானே. நடந்து வந்து சொல்ல ஏலாமப் போச்சா?"

"கேர்பியூ நானா. நான் எப்பிடி வெளிய வாறது?"

கட்டுப் போடாத கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் அந்தக் கேர்பியூலதான் தம்பி போன."